மூன்று கொட்டேஷன்

கஸ்தூரிரங்கன் ஒரு பொருள் வாங்கப் போகிறார் என்று தெரிந்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். டெல்லி ஜனக்புரியில் எங்கள் டி.டி.ஏ. அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் கீழ் வீடு, நான் மேல் வீடு. பத்தொன்பது வருஷமாக அவர் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் நான் சாட்சி. கிரைண்டர் வாங்கினால் மூன்று கொட்டேஷன். கீசர் வாங்கினால் மூன்று கொட்டேஷன். மகன் ஷ்ரவணின் பூணூலுக்குச் சமையல்காரர் அமர்த்தியபோதும் மூன்று பேரிடம் எழுதி வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ரேட்டை நிரப்பி, இருப்பதிலேயே குறைவாகக் கேட்ட ஆளைப் பிடித்தார். அந்த ஆள் அக்காரவடிசிலில் நெய்க்குப் பதில் எதை ஊற்றினான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்று நாள் என் நாக்கில் மெழுகு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் ஒரு அமைச்சகத்தில் பர்ச்சேஸ் செக்ஷனில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். நான் தணிக்கையில் இருந்தவன். அவரைப் போன்றவர்கள் வாங்கிப் போட்டதை என்னைப் போன்றவர்கள் போய்ப் பார்ப்போம். அவர் கும்பகோணம், நான் அம்பாசமுத்திரம். அவர் வீட்டில் சாத்தமுது என்கிற ரசம், என் வீட்டில் சொதி. டெல்லியில் தமிழ் பேச ஆள் வேண்டும் என்பதற்காகவே பொறுத்துக்கொண்டிருக்கிற சிநேகிதம் இது என்று சில சமயம் தோன்றும்.

தீபாவளி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. எதிர் பிளாக் தெரியவில்லை. காலையில் எழுந்து காறினால் கறுப்பாக வந்தது. மாடிப்படி மூலையில் யாரோ குட்கா துப்பித் துப்பிச் சுவர் முழங்கால் உயரத்துக்குச் சிவந்திருந்தது. ஏ.சி. பெட்டிகளின் மேல் புறா எச்சம் அடை அடையாகக் காய்ந்து கிடந்தது. அதன் தூளும் புகையும் சேர்ந்துதான் இந்த ஊரில் நவம்பர் மாதக் காற்று. அதை மூச்சாக இழுத்துக்கொண்டுதான் நாற்பது வருஷம் இருந்திருக்கிறேன்.

அப்படி ஒரு காலையில் ஜ்யோத்ஸ்னா மாடிக்கு வந்தாள். கஸ்தூரிரங்கனின் மகள். இருபத்துநாலு வயது. டிசைன் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். சோப்பு உறை, ஊறுகாய் லேபிள், காபித்தூள் டப்பா, இப்படி. என் மனைவி சந்திரம்மாள் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். வந்தவள் ஒரு காலிப் பொட்டலத்தை எங்கள் முன்னால் வைத்தாள்.

“அங்கிள், யோசிக்காம சொல்லுங்கோ. இது என்ன கலர்?”

“செங்கல் கலரு.”

“ஆன்ட்டி, உங்களுக்கு?”

“காஞ்ச ரத்தம் மாதிரில்லா இருக்கு பிள்ளே. உள்ள என்ன, எலி மருந்தா?”

“மிளகாப்பொடி,” என்றாள் ஜ்யோத்ஸ்னா. சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். மாதங்கி என்று ஒரு பெண், குர்காவில் பெரிய வேலையை விட்டுவிட்டு நொய்டாவில் பொடி அரைத்து விற்கிறாள். அவளுடைய மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை வரைந்தது ஜ்யோத்ஸ்னா. ஜ்யோத்ஸ்னாவின் ஆறு வருஷப் பழைய லேப்டாப் திரையில் அது பளிச்சென்ற மிளகாய்ச் சிவப்பாகத்தான் தெரிந்திருக்கிறது. அச்சாகி வந்தபோது செங்கல். இரண்டாயிரம் பொட்டலம். கடைகளில் ஒன்றுகூட நகரவில்லை.

“அப்பம் அச்சடிச்சவன் மேலதான தப்பு?” என்றாள் சந்திரம்மாள்.

“இல்லை ஆன்ட்டி. ஃபைல்ல இருந்ததைத்தான் அவன் அடிச்சான். ஜல்தி வேணும்னு மாதங்கி கேட்டா, நானும் ஒரு சாம்பிள் அடிச்சுப் பாக்காம அனுப்பிட்டேன். ஆனா அசல் தப்பு ஸ்கிரீன். எங்கிட்ட ஒரு கலரைக் காமிச்சுட்டு உள்ள வேற கலரை வெச்சிண்டிருந்திருக்கு.”

“இப்பம் அந்தப் பொண்ணு என்ன சொல்லுதா?”

“இன்னொரு சான்ஸ் குடுத்திருக்கா. அஞ்சு பொடி, அஞ்சு பாக்கெட். டிசம்பர் பதினஞ்சுக்குள்ள. இதுவும் சொதப்பினா குர்காவ்ல ஒரு கம்பெனிக்குக் குடுத்துடுவா. அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிண்டு வேற ஆர்டர் கேக்கறது? அப்பா ஏற்கெனவே பேங்க் கோச்சிங் ஃபாரம் வாங்கி ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டார்.”

புது லேப்டாப் வாங்க எழுபதாயிரம் இருந்தது. நாற்பது அவள் சேர்த்தது. முப்பது அப்பா தருவதாகச் சொன்னது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். அழகான கையெழுத்து. முதல் வரியில் திரை. எல்லா நிறத்தையும் முழுசாகக் காட்டுகிற திரையாக இருக்க வேண்டும். அடுத்து பதினாறு ஜி.பி. மெமரி. பிராசஸர் நடுத்தரம் போதும்.

“எழுபதாயிரத்துல எல்லாமே கிடைக்காது அங்கிள். ஏதாவது ஒண்ணை விடணும். ஸ்பீடை விட்டுடலாம். ஃபைல் திறக்க ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னா டீ போட்டுக் குடிச்சிண்டு வருவேன். கலரை எப்படி விடறது? நான் விக்கறதே அதைத்தானே.”

இதைவிடத் தெளிவாக ஒரு பொருளுக்கு நியாயம் எழுதி நான் எந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரிரங்கன் என்னைக் கீழே கூப்பிட்டார். சாப்பாட்டு மேஜையில் ஸ்கேல், சிவப்புப் பேனா, மகள் எழுதிய தாள். முதல் வரியைக் குறுக்கே அடித்திருந்தார்.

“பாரும் ஓய். திரை இப்படித்தான் இருக்கணும்னு எழுதியிருக்கா. இந்த விலையில இப்படித் திரை ஒரே ஒரு மாடல்லதான் வரதாம். இவளே சொல்றா. அப்போ இது என்ன? ஒருத்தனுக்காகத் தெச்ச சட்டை.”

“அப்பா, எனக்குத் தேவை அது.”

“எந்தக் கடைக்காரனை மனசுல வெச்சிண்டு இதை எழுதினே?”

ஜ்யோத்ஸ்னாவுக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஒரே கம்பெனியிடம் மட்டும் கிடைக்கிற பொருளுக்குப் பொருந்துகிறபடி நிபந்தனை எழுதுவது ஆபீசில் கமிஷன் வாங்குகிறவர்களின் பழைய தந்திரம். அதை மோப்பம் பிடிப்பதில் கஸ்தூரிரங்கனுக்குத் தனிப் பெருமை. பெற்ற பெண்ணிடமும் அதையே மோப்பம் பிடித்தார்.

“கியா மத்லப்? நான் கடைக்காரன்கிட்ட காசு வாங்கறேன்னு சொல்றேளா?”

“நான் அப்படிச் சொல்லலை. புரொசீஜர்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

அவர் மனைவி வத்சலா மாமி சமையலறை வாசலில் முள்ளங்கி நறுக்கிய கத்தியோடு வந்து நின்றாள். “வேலை பண்றவ அவ. என்ன வேணும்னு அவளுக்குத் தெரியாதா?”

“நீ உள்ள சாத்தமுது பொங்கறதா பாரு.”

மாமி உள்ளே போனாள். இவர் என்ன செய்தார் என்றால், திரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐ-செவன் பிராசஸர், மூன்று வருஷ வாரண்டி என்று தன் கையால் எழுதினார். ஐ-செவன் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஏழு என்பது ஐந்தைவிடப் பெரியது என்று தெரியும். அந்த ஞானத்தோடு முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்.

புதன்கிழமை அவர், ஜ்யோத்ஸ்னா, நான் மூன்று பேரும் மெட்ரோவில் போனோம். ஜனக்புரி வெஸ்டில் ஏறி, கால்காஜி மந்திரில் மாறி, நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தை. வெளியே வந்ததும் நாலு பேர் சூழ்ந்துகொண்டு லேப்டாப், சார்ஜர், சாஃப்ட்வேர் என்று காதில் கத்தினார்கள். நாங்கள் ஏறின மாடிப்படியில் மூத்திர வாடை. தலைக்கு மேல் ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. படி திரும்புகிற இடத்தில் ஒருவன் நேற்றைய எண்ணெயில் பிரெட் பக்கோடா போட்டுக்கொண்டிருந்தான். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஏறினேன். கஸ்தூரிரங்கன் மாமனார் வீட்டுக்குப் போகிறவர்போல உற்சாகமாக ஏறினார்.

அவர் போனது, முன்பு அவருடைய ஆபீசுக்குச் சப்ளை செய்துகொண்டிருந்த கதூரியாவின் கடைக்கு. கதூரியாவை எனக்கு நேரில் தெரியாது. ஆனால் அவருடைய முந்திரியைத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி கீழ் வீட்டுக்கு அவரிடமிருந்து டிரை ஃப்ரூட் டப்பா வரும், ரிடையர் ஆன பிறகும் வருகிறது. அதில் பாதி மேல் வீட்டுக்கு வரும். நானும் தின்றிருக்கிறேன்.

“ஆயியே ரங்கன் சாப்!” என்று கதூரியா எழுந்து வந்து கட்டிக்கொண்டார். கைநிறைய மோதிரம், வாயில் ஏலக்காய். கேட்காமலேயே அந்தப் பக்கோடா வந்தது. ஒரு கறுப்பு லேப்டாப்பைத் திறந்து வைத்து, “ஐ-செவன், பிட்டியா. ராக்கெட் ஹை, ராக்கெட்,” என்று ஜ்யோத்ஸ்னாவைத் தன் மகளாகவே ஆக்கிக்கொண்டு சொன்னார்.

ஜ்யோத்ஸ்னா பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தாள். எந்தச் சிவப்பு வேண்டுமோ அதை அச்சடித்துக் காட்டும் மாதிரி அட்டை. பென் டிரைவில் அதே சிவப்பைக் கொண்டுவந்திருந்தாள். அதைத் திரையில் போட்டு அட்டையைப் பக்கத்தில் பிடித்தாள். அட்டை மிளகாய்ப்பழமாக இருந்தது. திரை வெளுத்துப்போய் ஆரஞ்சும் இல்லாமல் காவியும் இல்லாமல் ஏதோ தெரிந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். அதுவும் போய்ச் சாம்பல் பூத்தது.

“அங்கிள்?”

“துவைச்சுத் துவைச்சுப் போன சேலை மாதிரி இருக்கும்மா.”

“அப்பா, நீங்க பாருங்கோ.”

கஸ்தூரிரங்கன் பார்த்தார். “சிவப்பாத்தானே இருக்கு,” என்றார்.

எதிர்க் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் அவள் கேட்டது இருந்தது. எங்களை அங்கே அழைத்துக்கொண்டு போனாள். அறுபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. அதே அட்டை, அதே சிவப்பு. திரையும் அட்டையும் ஒன்றாக இருந்தன. எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாலும் மாறவில்லை. ஜ்யோத்ஸ்னா அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு கடை. ஒரே ஒரு மாடல். இதுக்கு மூணு கொட்டேஷன் எங்கேர்ந்து வாங்கறது?” என்றார் அவளுடைய அப்பா. “அடுத்த வாரம் பாத்துக்கலாம். நான் எல்லார்ட்டயும் எழுதி வாங்கிடறேன்.”

வரும்போது மெட்ரோவில் அவள் எங்களோடு உட்காரவில்லை. கதவோரம் நின்று கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி மேஜை, மறுபடி ஸ்கேல். அந்தக் கறுப்பு லேப்டாப்புக்கு மூன்று கொட்டேஷன் வந்திருந்தன. ஒன்று கதூரியா கடை, அறுபத்துநாலாயிரத்து ஐந்நூறு. மற்ற இரண்டும் வேறு பெயர், வேறு விலாசம். ஒன்று அறுபத்தேழு, ஒன்று அறுபத்தொன்பது. ஒப்பிடும் பட்டியல் தயாராக இருந்தது. கீழே ‘சிபாரிசு செய்யப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துகூடப் போட்டுவிட்டார். வீட்டுக்குள் யாருக்குச் சிபாரிசு என்று நான் கேட்கவில்லை.

ஜ்யோத்ஸ்னா மூன்று தாளையும் எடுத்துப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விலையை அவள் பார்க்கவே இல்லை. தாளின் தலைப்பைப் பார்த்தாள். ஓரத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து பால்கனிக் கதவுக் கண்ணாடிக்குப் போய், மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அங்கிள், இங்க வாங்கோ.”

போய்ப் பார்த்தேன். பெயர்தான் மூன்று. மேலே போட்ட கோடு ஒரே இடத்தில், ஒரே தடிமனில் ஓடியது. விலாசத்தின் முதல் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. போன் நம்பருக்கும் ஓரத்துக்கும் நடுவில் விட்ட இடம்கூட ஒன்றுதான்.

“மூணும் ஒரே ஃபைல்,” என்றாள். “பேரை மட்டும் மாத்தி மாத்தி அடிச்சிருக்கான். லோகோவை அகலமா இழுத்திருக்கான் பாருங்கோ, மூணுலயும் ஒரே அளவு இழுத்திருக்கான். இது ஒரே ஆள் பண்ணினது.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “என்னவே இது? கதூரியா உம்மை ஏமாத்திப்புட்டானே!”

கஸ்தூரிரங்கன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

“ஏமாத்தறதுக்கு என்ன இருக்கு? நான்தான் மூணையும் அவன்ட்டயே கேட்டேன். ஒண்ணு அவன் சம்சாரம் பேர்ல, ஒண்ணு அவன் மாமியார் பேர்ல.”

“கடை?”

“கடையெல்லாம் இல்லை. காகிதம் இருக்கே. காகிதம்தானே வேணும்.”

உள்ளே குக்கர் சத்தம் போட்டது. ஜ்யோத்ஸ்னா தாள்களை மேஜையில் வைத்துவிட்டு, “ஆபீஸ்லயும் இப்படித்தானா அப்பா?” என்று கேட்டாள்.

“பின்ன எப்படி? மூணு கடை ஏறி இறங்க எந்த கிளார்க்குக்கு நேரம் இருக்கு? நல்ல சப்ளையர் ஒருத்தனைப் பிடிச்சு வெச்சுக்கணும். மத்த ரெண்டு காகிதமும் அவனே கொண்டுவந்துடுவான். ஊர் பூரா அப்படித்தான். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. முப்பத்திரெண்டு வருஷத்துல ஒரு பைசா கை நீட்டி வாங்கினதில்லை உங்கப்பா.”

“முந்திரி?”

“அது ஸ்வீட். பண்டிகைக்குக் குடுக்கறது.”

“அப்போ என்கிட்ட... எந்தக் கடைக்காரன்னு என்கிட்ட கேட்டேளே.” அவள் குரல் உடைந்தது. “யாருமே கண்டுபிடிக்கலையா?”

“யார் கேட்பா? ஆடிட்தான் கேக்கணும். ஆடிட் இதோ உக்காந்திருக்கு. கேளு.”

என்னைக் கை காட்டினார். அந்த மனிதர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அதை வழித்து எறிய வேண்டும்போல எனக்கு இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. முப்பத்தாறு வருஷம் நான் பார்த்த கோப்புகளில் மூன்று கொட்டேஷன் இருக்கிறதா என்று எண்ணினேன். மூன்று இருந்தால் பச்சை மையில் ஒரு டிக். இரண்டு இருந்தால் ஆட்சேபம் எழுதுவேன். தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றியதில்லை என்பதுகூடப் பொய்யாக இருக்கலாம்.

அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். போனை எடுத்துக் கதூரியாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, எதிர்க் கட்டடத்து லேப்டாப்புக்காக மகள் அடம்பிடிப்பதையும் இப்போது அவள் கண்டுபிடித்ததையும் சொன்னார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கின குழந்தையைப் பற்றிப் பேசுகிற தகப்பன் குரல். அந்தப் பக்கம் கதூரியா விழுந்து விழுந்து சிரித்தார்.

“அரே வாஹ்! பிட்டியா தோ ஜீனியஸ் ஹை!” என்றவர் சட்டென்று வியாபாரத்துக்கு வந்தார். இந்தியில் அவர் சொன்னது இது. இப்போதும் பள்ளிக்கூடம், டிரஸ்ட், சொசைட்டி என்று நிறைய இடங்களுக்கு மூன்று காகிதம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவருடைய கடைப் பையனுக்கு டிசைன் தெரியாது. இன்றைக்கு ஒரு பெண் பிடித்துவிட்டாள், நாளைக்கு வேறு யாராவது பிடிப்பார்கள். பிட்டியாவே மூன்று லெட்டர்ஹெட் போட்டுத் தரட்டும். மூன்றும் மூன்று ஊர்க்காரன் செய்தது மாதிரி இருக்க வேண்டும். எதிர்க் கட்டடத்தில் பார்த்த அந்த லேப்டாப்பையே அவர் வாங்கித் தருகிறார், அறுபத்துநாலாயிரத்து ஐந்நூறுக்கு. மீதி ஐயாயிரம் அவளுடைய கூலி.

“டீக் ஹை?” என்றார் கதூரியா.

“டீக் ஹை, டீக் ஹை,” என்றார் கஸ்தூரிரங்கன். போனை வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். “பாத்தியா? நீ கேட்ட திரை. விலையும் எல்லாத்தையும்விடக் கம்மி. என் பட்டியலும் மாற வேண்டாம். வத்சலா, அந்தக் கேசரி இருந்தா கொண்டுவாயேன்.”

வத்சலா மாமி கேசரியைக் கொண்டுவந்து ஒரு கிண்ணம் என் முன்னால் வைத்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் அந்தக் கேசரியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு நான் காட்டிய வீரம் அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் ஜ்யோத்ஸ்னா மேலே வந்தாள். சந்திரம்மாள் அவளுக்குச் சோறு போட்டாள். சொதியும் உருளைக்கிழங்கும். பாதி சாப்பிட்டுவிட்டுப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“மாட்டேன்னு சொல்லிரு பிள்ளே,” என்றாள் சந்திரம்மாள். “அந்தப் பழைய பெட்டியை வச்சே இன்னும் ரெண்டு மாசம் ஓட்டக் கூடாதா?”

“அதுலதானே ஆன்ட்டி எல்லாம் செங்கல்லா போச்சு. இன்னும் மூணு வாரம்தான் இருக்கு.”

“அந்த எதிர்க் கடையில நீயே போய் வாங்கிரலாம்லா?”

“என்கிட்ட நாப்பதுதான் இருக்கு. அப்பா முப்பது தரணும்னா கதூரியா மூலமாத்தான்னு சொல்லிட்டார். தவணையில கேட்டேன். சம்பள ஸ்லிப் இல்லாம தர மாட்டாளாம்.” என் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்கோ அங்கிள். பண்ணட்டுமா, வேண்டாமா?”

“பண்ணாதம்மா. அது கேவலம். களவுக்குச் சட்டை தெச்சுக் குடுக்கது. உன் கை இதுல படவே கூடாது.”

“நீங்க எத்தனை ஃபைல்ல டிக் போட்டிருப்பேள்?”

“எண்ண முடியாது.”

“ஒண்ணையாவது திருப்பி அனுப்பிச்சிருக்கேளா? மூணு காகிதமும் ஒரே மாதிரி இருக்குன்னு?”

“இல்ல.”

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அது அப்படிச் சுட்டது. தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சோற்றைப் பிசைந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முப்பதாயிரம் என்னிடம் இருந்தது. பாங்கில் சும்மா கிடந்தது. ‘இந்தாம்மா, நீ போய் உன் இஷ்டப்படி வாங்கு, முடிந்தபோது திருப்பிக் கொடு’ என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சந்திரம்மாள் என்னைப் பார்த்தாள். அவள் மனசிலும் அதுதான் ஓடியது. கஸ்தூரிரங்கன் தப்பாக எடுத்துக்கொள்வார், குடும்பத்துக்குள் புகுந்தான் என்பார், மேல் வீடும் கீழ் வீடும் முகம் பார்க்க முடியாமல் போகும், கடைசிக் காலத்தில் தமிழ் பேசக்கூட ஆள் இருக்காது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வாய் வரவில்லை. ஜ்யோத்ஸ்னா கை கழுவிக்கொண்டு, “தாங்க்ஸ் ஆன்ட்டி, சொதி அச்சா இருந்தது,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் சந்திரம்மாள் தட்டை எடுத்தாள். “நல்ல உபதேசம் பண்ணுதீய,” என்றாள். அன்று பூராவும் என்னோடு பேசவில்லை.

நாலாம் நாள் லேப்டாப் கீழ் வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. புகையைச் சாக்குச் சொன்னேன். கஸ்தூரிரங்கன் இரண்டு தடவை படியேறி வந்து என்ன ஓய், காணோமே என்று கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன். தொண்டை சரியில்லைதான்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி ஜ்யோத்ஸ்னாவே வந்தாள். கையில் ஐந்து பொட்டலம். மிளகாய், கறிவேப்பிலை, பருப்பு, எள், கொள்ளு. மிளகாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு சிவப்பு. பார்த்தவுடனே நாக்கில் உறைத்தது. சந்திரம்மாள் அதை வாங்கி, தன் சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துவிட்டு மேஜைமேல் நிறுத்தி வைத்தாள்.

“மாதங்கிக்கு ரொம்பப் பிடிச்சிடுத்து. பத்தாயிரம் அடிக்கச் சொல்லிட்டா.”

“நல்லா இரு பிள்ளே,” என்று அவள் கன்னத்தைத் தொட்டாள் சந்திரம்மாள்.

நானும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அத்தோடு அவள் போயிருக்கலாம். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள்.

“அங்கிள், இதையும் பாருங்கோ. ஆடிட் பண்ற மாதிரி பாக்கணும்.”

மூன்று தாள். ஒன்று பழைய காலத்துக் கடைபோல, இந்தியில் பெரிய தலைப்பும் கொஞ்சம் கோணலான பார்டரும். இன்னொன்று மொழுமொழுவென்று நீலத்தில், குர்காவ் கம்பெனிக்காரன் மாதிரி. மூன்றாவது ஏழைக் கடை. கறுப்பில் மட்டும், மை கொஞ்சம் மங்கி, விலாசம் ஓரத்தை இடித்துக்கொண்டு. தாள்கூட மூன்றும் மூன்று தினுசு. ஒன்று வழவழ, ஒன்று சொரசொர, ஒன்று பழுப்பு.

“இதுல நிஜக் கடை எது சொல்லுங்கோ.”

முப்பத்தாறு வருஷப் பழக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஓரத்தைப் பார்த்தேன். எழுத்தைப் பார்த்தேன். இடைவெளியைப் பார்த்தேன். ஒரு கை, ஒரு ஜாடை, ஒரு பிசகு, எங்கேயாவது கிடைக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்திரம்மாள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். கடைசியில் அந்த ஏழைக் கடையின் மேல் விரலை வைத்தேன்.

“இது.”

“மாமியார்!” என்று கை தட்டினாள் ஜ்யோத்ஸ்னா. “அங்கிள், அது கதூரியாவோட மாமியார்! நீங்களே ஏமாந்துட்டேளா!” குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் மாசக் கணக்கில் பார்த்ததில்லை. “அந்த மையை மங்க வெக்கறதுக்கே ரெண்டு நாள் ஆச்சு. புது ஸ்கிரீன்ல கறுப்புக்குள்ளயே அத்தனை ஷேட் தெரியறது. கதூரியா இன்னும் நாலு சப்ளையர்ட்ட காமிச்சிருக்கார். எல்லாருக்கும் வேணுமாம். அப்பா ரேட் பேசிண்டிருக்கார்.”

தாள்களை மறுபடியும் ஒருதரம் எடுத்துப் பார்த்தேன். வாய் கசந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்கு வேண்டியிருந்தது.

“நல்லா இருக்கும்மா,” என்றேன்.

நன்றாகத்தான் இருந்தது.